பழந்துணியும் பாச்சை உருண்டையும்

பிறந்த குழந்தைக்கு எடுத்ததும் புதுத்துணி போடக்கூடாது, முதலில் பழந்துணிதான் என்று நம் வீட்டுப் பாட்டிமார் இன்னும் சொல்கிறார்கள். கண்பட்டுவிடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். காரணம் எதுவானாலும் காரியம் சரி. கடையிலிருந்து வரும் துணியில் நூலுக்கு ஏற்றிய கஞ்சிப்பசை, பிடிக்காமல் மிஞ்சிய சாயம், சுருக்கம் விழாமலிருக்கச் சேர்த்த ரசாயனம் எல்லாம் தங்கியிருக்கும். அப்படிச் சேர்ப்பவற்றில் சில, ஃபார்மால்டிஹைடை வெளிவிடும். ஜப்பானில் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடையில் அது தென்படவே கூடாது. பலமுறை துவைத்த பருத்தியில் இவை பெரும்பாலும் போயிருக்கும். இழையும் மெத்தென்று ஆகியிருக்கும். அக்காள் பிள்ளை போட்ட சட்டையைக் கேட்டு வாங்குவதில் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ ஆசையாக வாங்கிய புதுச்சட்டை என்றால், இரண்டு மூன்று முறை அலசிய பிறகு போடலாம்.

ஆனால் அந்தப் பழந்துணி இத்தனை நாள் எந்த அலமாரியில் கிடந்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றுக்கும் பூச்சிக்கும் பயந்து சேலை அடுக்குக்குள் பாச்சை உருண்டையைப் போட்டு வைக்கிறோம். மலாய்க்காரர்கள் உபாட் கெகாட் என்பார்களே, அதுதான். இவற்றில் பல, நாப்தலீனால் ஆனவை. நாப்தலீன் உருகாமலே ஆவியாகித் துணிக்குள் ஏறிக்கொள்ளும். அந்தத் துணியில் குழந்தையைச் சுற்றினால் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகும். கொழுப்பில் கரையும் பொருள் என்பதால், எண்ணெய் தேய்த்த உடம்பில் இன்னும் சுலபமாக இறங்கும். நாமோ எண்ணெய் தேய்க்காமல் குழந்தையைக் குளிப்பாட்டுவதில்லை.

மலேசிய மருத்துவமனைகளில் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து ஜி6பிடி குறைபாடு உண்டா என்று சோதிக்கிறார்கள். ஜி6பிடி என்பது சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி. அது குறைவாக உள்ள உடம்பில் நாப்தலீன் புகுந்தால் சிவப்பணுக்கள் கூட்டம் கூட்டமாக உடையும். அதிலிருந்து வரும் பிலிருபினைக் கழிக்கப் பச்சிளம் ஈரலுக்குத் திராணி போதாது. மஞ்சள் காமாலை ஏறும். அளவு மிஞ்சினால் மூளையையே பாதிக்கும். இந்தக் குறைபாடு ஆண் குழந்தைகளிடம் அதிகம். உருண்டை போட்டு வைத்த துணிகளாலும் போர்வைகளாலும் சிவப்பணுக்கள் உடைந்த 21 பச்சிளங்குழந்தைகளைப் பற்றிக் கிரேக்க மருத்துவர்கள் 1963இல் எழுதினார்கள். அவர்களில் ஜி6பிடி குறைபாடு இல்லாத குழந்தைகளும் இருந்தார்கள். ஆகவே சோதனையில் குறை ஒன்றுமில்லை என்று தாதி சொல்லிவிட்டாலும், உருண்டை வாசம் வீசும் துணி குழந்தைக்கு வேண்டாம். பாட்டியின் நூல் சேலை எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் சரி.

அடுத்தது நம் ஊர் வெயில். கோலாலம்பூரில் வருடம் முழுக்கப் பகலில் 32, 33 டிகிரி; காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதம். வியர்வை காயாது. பச்சிளங்குழந்தையின் வியர்வைக் குழாய்கள் இன்னும் முதிராதவை, எளிதில் அடைத்துக்கொள்ளும், அதுதான் வேர்க்குரு. சாதாரண ஈரப்பதத்தில் 100 கிராம் பருத்தி ஏறத்தாழ 8 கிராம் நீரை இழைக்குள் வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டரோ அரை கிராம்கூட ஏற்காது, ஈரம் தோலிலேயே நிற்கும். பருத்தியிலும் ஒற்றைப் பின்னல் பனியன் துணியே இங்கே தோது. திருப்பூர் ஊர் ஊராக ஏற்றுமதி செய்வது இதைத்தான். இரட்டைப் பின்னல் கனமானது. மாலையில் இடி மழை பிடித்துக்கொண்டால் அடுக்குமாடி வீட்டுக்குள் அன்றைக்குக் காயாது. மெல்லியது காற்றாடிக்கு அடியிலேயே காய்ந்துவிடும். பெயர் சூட்டு விழாவுக்குச் சரிகை வைத்த பட்டு எடுப்பவர்களை யாரும் தடுக்க முடியாது. படம் எடுத்து முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

தொப்புள்கொடி காய்ந்து விழ ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். அதுவரை முன்பக்கம் நாடா கட்டும் சட்டை நல்லது, தலைவழியே மாட்ட வேண்டியதில்லை. பிறகு பாடிசூட்டுக்கு மாறலாம். அதன் தோளில் துணி ஒன்றன்மேல் ஒன்று ஏறி மடிந்திருக்கிறதே, அது அழகுக்காக வைத்ததல்ல. கழுத்து அகலமாக விரிவதால் சட்டையைத் தோளிலிருந்து கீழ்நோக்கி இறக்கிக் கால்வழியே உருவிவிடலாம். மலம் பேம்பர்ஸ் தாண்டி முதுகுவரை ஏறிய நாளில், அதைக் குழந்தையின் முகத்தில் பூசாமல் கழற்ற இதுதான் வழி. இந்த மடிப்பைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு சிலை வைக்கலாம்.

தொப்பி, கையுறை, காலுறை சேர்ந்த அன்பளிப்புப் பெட்டி நாலைந்தாவது வந்து சேரும். தொப்பி மருத்துவமனைக் குளிருக்குச் சரி. வீட்டில் தூங்கும்போது வேண்டாம், தலைவழியேதான் குழந்தை நிறையச் சூட்டை வெளியேற்றுகிறது. கையுறையை உள்புறம் திருப்பிப் பாருங்கள். தொங்கும் நூலோ அம்மாவின் தலைமுடியோ விரலில் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டமே நின்றுபோகும். கை கால் சில்லென்று இருப்பது பச்சிளங்குழந்தைக்கு இயல்பு. குளிர்கிறதா என்று பார்க்க நெஞ்சையோ பிடரியையோ தொட்டுப் பார்க்க வேண்டும்.

நாட்டிலேயே டெங்கி மிகுந்த மாநிலம் சிலாங்கூர். ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு, இருண்ட நிறத்தை நாடும். வெளியே போகும்போது வெளிர்நிறத்தில் முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை போடுங்கள். மெல்லிய துணியாக இருந்தால் புழுங்காது.

அளவுச்சீட்டில் மாதக் கணக்கை நம்பாமல் சென்டிமீட்டரைப் பாருங்கள். பிறக்கும்போது ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் இருக்கும் குழந்தை சில வாரங்களில் அந்த அளவைத் தாண்டிவிடும்; சின்னதில் அரை டஜன் போதும்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளுக்குக் கால் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்த உடை ஒன்றை எடுத்து வையுங்கள். 2020 ஜனவரி 1 முதல் காரில் குழந்தை இருக்கை கட்டாயம்; அதன் வார் இரண்டு கால்களுக்கு நடுவே வர வேண்டும். துணியில் உருட்டிச் சுற்றிய குழந்தைக்கு அதை மாட்ட முடியாது. முதலில் வாரை மாட்டி, தேவையானால் அதற்கு மேலே துணியைப் போர்த்துங்கள்.