கொரோனா: மருத்துவமனையில் யாருக்கு ஆபத்து அதிகம்?

கொரோனாத் தொற்றோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் குணமாகி வீடு திரும்பினார்கள். சிலருக்கு மட்டும் நோய் முற்றி, உயிருக்கே ஆபத்தானது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேடிய தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று சீனாவின் வூகான் நகரில் நடந்தது. 2020 மார்ச்சில் ‘லான்செட்’ இதழில் வெளியான அந்த ஆய்வில் இடம்பெற்ற 191 நோயாளிகளில் 54 பேர் இறந்திருந்தனர். முதுமை, சேரும்போதே உறுப்புகள் தளர்ந்திருந்த நிலை, இரத்தத்தில் டி-டைமர் அளவு மிகுந்திருந்தது ஆகிய மூன்றும் இறந்தவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டன. இரத்தக்கட்டி கரையும்போது வெளிப்படும் புரதத் துணுக்கே டி-டைமர். அது கூடினால் உடலுக்குள் எங்கோ இரத்தம் உறைகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

வயதுக்கு இணையான ஆபத்துக் காரணி வேறில்லை என்பதைப் பின்வந்த ஆய்வுகளும் உறுதிசெய்தன. பெண்களைவிட ஆண்கள் அதிகம் இறந்தனர். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், உடல் பருமன், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் நோய்கள் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டின.

ஆனால் பழைய நோய்களின் பட்டியலைவிட, சேரும் நேரத்தில் உடல் இருக்கும் நிலையே மருத்துவருக்கு அதிகம் சொல்லும். பிரிட்டனில் உருவான ‘4சி’ மதிப்பெண் முறை வயது, பாலினம், இணைநோய்களோடு மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, நினைவுத் தெளிவு, இரத்தத்தில் யூரியா, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. புரதம் ஆகியவற்றையும் கணக்கிடுகிறது. மொத்தம் 21 மதிப்பெண். இவற்றில் யூரியா, சி.ஆர்.பி. தவிர மற்றவற்றுக்கு ஆய்வகமே தேவையில்லை என்பது சிறிய மருத்துவமனைகளுக்குப் பெரிய உதவி.

இவற்றுள் ஆக்சிஜன் அளவைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மூச்சுத்திணறலே தெரியாமல், இயல்பாகப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கும் கொரோனாவில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இதைக் காட்டிக்கொடுக்கும். எனினும் கருத்த தோல் உள்ளவர்களிடம் அந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு கண்டது. நம் மக்களுக்கும் இது பொருந்தக்கூடிய எச்சரிக்கை.

சிகிச்சையும் முடிவை மாற்றியது. பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வில், டெக்சாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு, செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயனில்லை. 2021இல் இந்தியாவில் கொரோனா நோயாளிகளைத் தாக்கிய கருப்புப் பூஞ்சை நோய், கட்டுப்படாத சர்க்கரையும் தேவைக்கு மீறிய ஸ்டீராய்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கொடுமையாகக் காட்டியது.

வயதையும் பழைய நோயையும் மாற்ற இயலாது. மருத்துவமனைக்குப் போகும் நேரத்தை மாற்றலாம். முதியவர்களும் சர்க்கரை நோயாளிகளும் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், மூச்சு வாங்கும்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.