பட்டியலை மூடிவிடாதீர்கள்

2025 நவம்பர் 1, கேரளம் உருவான நாள். திருவனந்தபுரம் சென்ட்ரல் ஸ்டேடியத்தில் நடந்த விழாவில், மாநிலத்தில் தீவிர வறுமை ஒழிந்துவிட்டதாக முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார்.

இதை வெறும் மேடைப் பேச்சென்று ஒதுக்க முடியாது. 2021ல் தொடங்கிய கணக்கெடுப்பில் வார்டு வார்டாகத் தேடி 64,006 குடும்பங்களை அடையாளம் கண்டார்கள். உணவு, உடல்நலம், வருமானம், வீடு ஆகியவற்றில் எது குறை என்று பார்த்துக் குடும்பத்துக்குக் குடும்பம் தனித் திட்டம் போட்டார்கள். பலரிடம் ரேஷன் கார்டோ ஆதாரோகூட இல்லை. கார்டு இல்லாவிட்டால் மானிய அரிசி கிடையாது. மற்ற உதவிகளும் எட்டாது. நிலையான விலாசம் இல்லாதவருக்கோ கார்டு வாங்குவதே பெரும்பாடு. அந்த முடிச்சை அவிழ்த்ததைத்தான் இத்திட்டத்தின் ஆகப்பெரிய சாதனையாக நினைக்கிறேன்.

பட்டியலில் ஓர் எண் மட்டும் உறுத்துகிறது: 4,421. தனியாட்களாக வாழ்ந்து, இடைப்பட்ட காலத்தில் இறந்துபோனவர்கள். இவர்களையும், கண்டுபிடிக்க முடியாமல் போன 261 நாடோடிக் குடும்பங்களையும், இரட்டைப் பதிவுகளையும் கழித்தபின் மிஞ்சியவை 59,277 குடும்பங்கள். இறந்தவர்கள் வறுமையிலிருந்து மீண்டவர்கள் அல்ல. உதவி கிடைத்ததா, எப்போது கிடைத்தது என்று அவர்கள் ஒவ்வொருவருக்கும் பதில் வேண்டும்.

இருந்தாலும் கேரளம் கடந்துவந்த தூரம் பெரிது. 1973-74ல் அங்கே நூற்றுக்கு ஏறக்குறைய அறுபது பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். நாட்டின் சராசரியைவிட மோசம். 2011-12ல், வேறொரு கோட்டை வைத்து அளந்தபோது, அது ஏழு பேர். நிலச் சீர்திருத்தம், ரேஷன், பள்ளிக்கூடம், வளைகுடாப் பணம், 1998ல் பிறந்த குடும்பஸ்ரீ என்னும் பெண்கள் குழு அமைப்பு எல்லாமாகச் சேர்ந்து தூக்கிவிட்டன.

ஆனால் சதவீதம் குறைகிற ஊரிலும் குடும்பங்கள் சறுக்கி விழுகின்றன. திருவனந்தபுரத்தின் கடலோரப் பகுதியான வலியதுறையில் கடல் வீடுகளைக் கொண்டுபோனது. சொந்தக் கூரையும் வள்ளமுமாக இருந்த மீனவக் குடும்பங்கள் சிமெண்ட் கிடங்கில், துணியும் பலகையும் வைத்துத் தடுத்த அறைகளில், ஆண்டுக்கணக்கில் கிடந்தன. ஒரு பெரிய ஆஸ்பத்திரிச் செலவும் இதே வேலையைச் செய்யும். 2021ல் நன்றாக இருந்தவர் இன்று விழுந்திருந்தால், பழைய பட்டியல் அவரைக் காட்டாது.

ஆகவே பட்டியலில் இருந்த வீடுகளுக்கு ஆண்டுதோறும் திரும்பப் போக வேண்டும். புதிதாக விழுந்தவர்களையும் சேர்க்க வேண்டும். அரசு கட்டிக்கொடுத்த முட்டத்தறை ஃபிளாட்டுகளுக்குக் குடிமாறிய கடலோரக் குடும்பங்களிடமிருந்தே தொடங்கலாம். கடலுக்குப் போய்வர என்ன செலவாகிறது, மீன் விற்கும் பெண்கள் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.