மார்க்கக் கடமையும் தற்கொலைத் தாக்குதலும்

தற்கொலைத் தாக்குதலை இசுலாமிய மார்க்கக் கடமையின் வெளிப்பாடாகக் கொள்வோர் இரு சாராராவர். ஒரு சாரார் அச்சமயத்தைப் பழிப்போர். மறுசாரார் அத்தாக்குதல்களுக்கு ஆள் திரட்டுவோர். நோக்கத்தில் முரண்படும் இவர்கள் ஒரே முடிவில் உடன்படுதல் ஆராய்வுக்குரியது. இசுலாமியச் சட்ட மரபிற் கடமை என்பது எப்பொருளில் வழங்கிற்று என நோக்கின் இம்முடிவின் தகுதி புலப்படும்.

சட்ட அறிஞர் கடமையைப் பர்ளு எனக் குறித்து, அதனை இருவகைப்படுத்துவர். தொழுகை, நோன்பு போன்று ஒவ்வொருவரும் தாமே நிறைவேற்ற வேண்டியது பர்ளு ஐன். இறந்தோரை நல்லடக்கஞ் செய்தல் போன்று, சிலர் நிறைவேற்றின் ஏனையோரின் பொறுப்பு நீங்குவது பர்ளு கிபாயா. முயற்சி எனும் பொருளுடைய ஜிஹாத் என்ற சொல் போரைக் குறித்தவிடத்து, அது பொதுவாக இரண்டாம் வகையிலேயே அடங்கிற்று. எதிரி நாட்டினுட் புகுதல் போன்ற சில நிலைகளிலேயே அது தனிமனிதக் கடமையாயிற்று. பெண்களையும் சிறுவரையும் கொல்லாமை முதலாய வரம்புகளும் போருக்கு விதிக்கப்பட்டன.

திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயத்து 29ஆம் வசனத்தையும் நபிமொழிகளையும் ஆதாரமாகக் கொண்டு தற்கொலை விலக்கப்பட்டது. எனினும், தனியொருவன் பெரும்படையினுட் பாய்ந்து பொருதல் தகுமா என்ற வினாவை அல்-ஷைபானி போன்ற முற்காலச் சட்டவியலாளர் ஆராய்ந்தனர். பயன் விளையுமிடத்து அதனை அனுமதித்தோரும் உளர். ஆயின் அங்கு வீரன் மாள்வது பகைவன் கையாலேயன்றித் தன் கையாலன்று. தாக்கப்படுவோரும் படையினரேயன்றிப் பொதுமக்களல்லர். அவ்வனுமதியை இன்று சான்றாகக் காட்டுவோர் இவ்விரு வேறுபாடுகளையும் புறக்கணிக்கின்றனர்.

கருத்து மாற்றம் அண்மைக் காலத்ததே. எகிப்தியரான அப்துஸ் ஸலாம் பரஜ், தம் நாட்டு ஆட்சியாளருக்கு எதிரான ஆயுதப் போரைத் தனிமனிதக் கடமையென வாதித்து ஒரு சிறுநூல் எழுதினார். 1981 ஒக்டோபர் 6இல் அன்வர் சதாத்தைக் கொன்ற குழுவினர்க்கு அந்நூலே கோட்பாடாயிற்று. எகிப்திய முப்தி ஜாதுல் ஹக் அதனை விரிவாக மறுத்தார். இவ்வாதம் தற்கொலைத் தாக்குதலை நேரே விதிக்கவில்லை. ஆயினும் கூட்டுக்கடமை தனிக்கடமையானதும், சமூகத்தின் ஒப்புதலும் அறிஞரின் கட்டுப்பாடும் வேண்டாதனவாயின. இதன் விளைவு பாரதூரமானது. பலஸ்தீனத் தாக்குதல்கள் குறித்தும் ஒருமித்த கருத்து இருக்கவில்லை: யூசுப் அல்-கர்ளாவி அவற்றை ஆதரித்தார், சவூதி அரேபியாவின் தலைமை முப்தியோ 2001இல் அவற்றுக்கு மார்க்க ஆதாரமில்லை என்றார்.

மேலும், இம்முறை ஒரு சமயத்துக்கே உரியதன்று. 1983இல் பெய்ரூத்தில் அமெரிக்க, பிரெஞ்சுப் படைத்தளங்கள் வெடிமருந்து வாகனங்களால் தகர்க்கப்பட்டன. 1987 யூலை 5இல் நெல்லியடியில் விடுதலைப் புலிகள் அதே உத்தியைக் கையாண்டனர். அவர்களுடையதோ மதஞ்சாராத் தேசியவாதம். உயிரை ஆயுதமாக்குதல், ஆயுதபலத்திற் குறைந்த இயக்கங்கள் தேர்ந்த போர்முறை என்பதும், அதற்கான நியாயத்தை ஒவ்வோர் இயக்கமும் தன் மரபிலிருந்து தேடிக்கொண்டது என்பதும் இதனாற் பெறப்படும்.

2019 ஏப்ரல் 21இல் இலங்கைத் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250இற்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கொலையாளிகள் தாம் கடமையாற்றியதாகவே கருதினர். அகில இலங்கை ஜமிய்யத்துல் உலமா அவர்களின் உடல்களை ஏற்க மறுத்தது. இறந்தோரை அடக்கஞ் செய்தல் சமூகம் முழுவதற்குமான கடமையாகும் என்பதை நினைவிற் கொண்டால், அம்மறுப்பின் கனம் விளங்கும்.