அனுமதி மறுக்கப்பட்டது என்பதன் பொருள்



நீங்கள் பயிலும் கணினிகள் ஒவ்வொன்றினுள்ளும் ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும் கணக்கன் ஒருவன் உண்டு. யார் எந்நேரம் உள்ளே நுழைந்தார், எந்தச் சேவை இடையில் நின்றுபோயிற்று, எந்த வட்டில் பிழை நேர்ந்தது என்பனவற்றை எல்லாம் நாள், மணி, எண் ஆகியவற்றுடன் அவன் குறித்து வைக்கிறான். விண்டோஸ் இயங்குதளத்தில் இதற்கு ஈவென்ட் லாக் என்று பெயர்; நாம் நிகழ்வுப் பதிவேடு எனலாம். 1993-ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் என்.டி. முதற்கொண்டே இது இருந்துவருகிறது. இதில் தலையாய ஏடுகள் மூன்று: மென்பொருள்களின் செய்தியைக் கூறும் அப்ளிகேஷன் ஏடு, இயங்குதளத்தின் செய்தியைக் கூறும் சிஸ்டம் ஏடு, காவற் செய்தியைக் கூறும் செக்யூரிட்டி ஏடு.

ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நாற்பது கணினிகள் இருப்பின், பொறுப்பாளர் ஒவ்வொன்றின் முன்னும் சென்று அமர வேண்டுவதில்லை. தம் இருக்கையிலிருந்தே ஈவென்ட் வியூவர் என்னும் கருவியைத் திறந்து, வேறொரு கணினியின் பதிவேட்டைப் படிக்கலாம். அவ்வாறு முயலும்போதுதான், 'அனுமதி மறுக்கப்பட்டது' என்னும் விடை சில வேளைகளில் வருகிறது. இதன் எண் 5. இந்த விடையைக் கண்டவுடன் பலர் ஃபயர்வால் என்னும் தடுப்பரணை அணைத்துவிடுகின்றனர்; அல்லது கேட்டவர்க்கெல்லாம் அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரத்தை வழங்கிவிடுகின்றனர். இவ்விரண்டும் ஏன் தவறென்பதை இனிக் காண்போம்.

ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். உள்ளிருந்து ஓசையே இல்லை என்பது ஒரு நிலை. ஒருவர் வெளிவந்து, 'உமக்கு இங்கே இடமில்லை' என்று கூறுவது வேறொரு நிலை. முதல் நிலையில் விண்டோஸ் தரும் பிழை எண் 1722. அதாவது, அழைப்பை ஏற்கும் ஆர்.பி.சி. சேவை கிட்டவில்லை என்பது. ஃபயர்வால் வழிமறித்தாலோ, கணினி அணைந்திருந்தாலோ பெரும்பாலும் இவ்வெண்ணே தோன்றும். அப்போதும் அரணை முழுதும் இடிக்க வேண்டா. ரிமோட் ஈவென்ட் லாக் மேனேஜ்மென்ட் என்னும் விதித்தொகுதியை மட்டும் திறந்துவிடுதல் போதும். எண் 5 வந்தாலோ, நம் அழைப்பு சென்று சேர்ந்துவிட்டது; எதிர்க்கணினி கேட்டு, ஆராய்ந்து, மறுத்திருக்கிறது. எனவே எண் 5 வந்தபோது ஃபயர்வாலை அணைப்பதால் பயன் இல்லை. பாதுகாப்பு போவது ஒன்றே மிச்சம்.

அவ்வாறாயின் மறுப்புக்குக் காரணம் யாது? எதிர்க்கணினி இரண்டு கேள்விகள் கேட்கிறது. 'நீ யார்?' என்பது முதலாவது. 'இந்த ஏட்டைப் படிக்க உனக்கு உரிமை உண்டா?' என்பது இரண்டாவது.

முதற் கேள்வியைப் பார்ப்போம். டொமைன் என்னும் பொது ஆட்சிக்கு உட்பட்ட கணினிகள் ஒரே பெயர்ப்பட்டியலை நம்புகின்றன. அவ்வாறன்றித் தனித்தனியே நிற்கும் கணினிகளில், ஒன்றிலுள்ள கணக்கை மற்றொன்று அறியாது. பெயர் ஒன்றாயினும் கடவுச்சொல் வேறாயின் அதனை ஏற்காது. கடவுச்சொல்லே இல்லாத கணக்கோ, அக்கணினியின் முன் அமர்பவர்க்கு மட்டுமே பயன்படும்; வலைப்பின்னல் வழியே நுழைய இயல்பாக இடந்தராது. ஆதலின், இணைக்கும்போதே 'வேறொரு பயனராக இணை' என்பதைத் தேர்ந்து, எதிர்க்கணினி அறிந்த கணக்கைக் கொடுத்தல் வேண்டும்.

இரண்டாவது கேள்வி நுட்பமானது. கணினியின் முன்னே அமர்ந்திருக்கும் சாதாரணப் பயனர், அப்ளிகேஷன், சிஸ்டம் ஆகிய ஏடுகளைப் படிக்கலாம். அவரே தொலைவிலிருந்து கேட்டால் மறுக்கப்படுவார். செக்யூரிட்டி ஏடோ முன்னமர்ந்தாலும் அவருக்குத் திறவாது. இன்னும் ஒரு வியப்பு: உள்ளூர்க் கணக்கு ஒன்று அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவில் இருந்தபோதிலும் மறுக்கப்படலாம். விண்டோஸ் விஸ்டா தொடங்கி, அத்தகைய கணக்கு வலைப்பின்னல் வழியே வரும்போது அதன் அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் வாசலிலேயே களையப்படுகிறது. ஒரு கணினியின் கடவுச்சொல்லைத் திருடியவன் மற்றவற்றையும் ஆளாதிருக்க அமைத்த காப்பு அது. டொமைன் கணக்குகளுக்கு இக்கட்டுப்பாடு இல்லை.

இதற்குத் தகுந்த மருந்து, ஈவென்ட் லாக் ரீடர்ஸ் என்னும் குழு. எதிர்க்கணினியில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் வழியே அக்குழுவில் படிப்பவரின் கணக்கைச் சேர்த்துவிட்டால், அவர் செக்யூரிட்டி ஏடு உட்பட மூன்றையும் தொலைவிலிருந்து படிக்கலாம். சேர்த்த உடனே பயன் தெரியவில்லையெனில் அஞ்ச வேண்டா. ஒருவர் நுழையும் வேளையில்தான் அவருடைய குழுக்கள் கணக்கிடப்படுகின்றன. ஆதலின் பழைய இணைப்பை விட்டு வெளியேறி, மீண்டும் புகுதல் வேண்டும்.

அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரமே கொடுத்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பதிவேடு என்பது சாட்சி. தேர்வு நாளில் எவரோ ஒருவர் பிறர் கணக்கில் புகுந்தார் என்று ஐயம் எழுந்தால், குற்றமற்ற மாணவனைக் காப்பதும் இந்த ஏடேயாகும். ரீடர்ஸ் குழுவினர் படிக்கலாம், அழிக்க இயலாது. அட்மினிஸ்ட்ரேட்டரோ ஏடு முழுவதையும் அழித்துவிட வல்லவர். அவ்வாறு அழித்த செய்தி 1102 என்னும் எண்ணோடு புதிதாகப் பதிவாகும் என்பது உண்மையே. ஆயினும் அழிந்த வரிகள் அந்தக் கணினியில் மீளா. படிக்க வந்தவர்க்கு அழிக்கும் உரிமையையும் தருதல், விடைத்தாளைப் பார்க்கக் கேட்டவனிடம் மதிப்பெண் ஏட்டையும் பேனாவையும் சேர்த்துக் கொடுப்பதை ஒக்கும்.

இறுதியாக ஒன்று. காரணத்தைத் தேடி எங்கும் அலைய வேண்டா. மறுத்த கணினியே அதனை எழுதி வைத்திருக்கும். அதன் பொறுப்பாளரை அழைத்து, செக்யூரிட்டி ஏட்டில் நீங்கள் முயன்ற நேரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தோல்விகளைப் பதியுமாறு அமைத்திருந்தால், 4625 என்னும் எண் காணப்படலாம். அதனுள் பெயரே இல்லையா, கடவுச்சொல் தவறா என்பதைக் காட்டும் குறியெண்ணும் இருக்கும். முதற் கேள்வியில் தவறினீர்கள் என்பது தெளிவாகும். அதற்கு மாறாக, நுழைவு வகை 3 என்னும் குறிப்போடு உங்கள் பெயரில் 4624 காணப்பட்டால், உங்களை அது அறிந்து ஏற்றுக்கொண்டது. படிக்கும் உரிமைதான் குறைவு. முன்னதற்குக் கணக்கைத் திருத்துக; பின்னதற்கு ரீடர்ஸ் குழுவில் சேர்க்க. நோயறிந்த பின் மருந்து கொடுப்பதே முறை. அம்முறை கணினிக்கும் பொருந்தும்.