அலமாரிக்குப் பின்னால் இருப்பவர்கள்

சென்னை எழும்பூரில், மியூஸியத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போய், திமிங்கில எலும்புக்கூட்டைக் காட்டிவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். அடுத்த முறை பக்கத்திலிருக்கும் கன்னிமாரா லைப்ரரிக்குள்ளும் நுழைந்து பாருங்கள். நுழைவதற்கு உங்களுக்கு உரிமையும் உண்டு. நீங்கள் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரி என்று ஒன்றும் சேர்த்து வாங்குகிறார்களே, அது இப்படிப்பட்ட லைப்ரரிகளுக்காகத்தான்!

1890-ல் இதற்கு அடிக்கல் நாட்டினார்கள்; திறந்தது 1896 டிசம்பரில். அதற்குள் கவர்னர் கன்னிமாரா பிரபு சீமைக்குத் திரும்பிவிட்டார். பெயர் மட்டும் தங்கிவிட்டது.

காலையில் பத்திரிகைப் பகுதியில் இடம் பிடிக்கப் பெரியவர்கள் வருவார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் ஒரு நாற்காலியைப் பிடித்தால் சாயங்காலம் வரை விடமாட்டார்கள். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கூட்டம். தெரியாத கூட்டம் ஒன்று தபாலில் வருகிறது. 1954-ம் வருஷத்துச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி இங்கே வந்து சேர வேண்டும். சமையல் புத்தகமானாலும் சரி, சட்டப் புத்தகமானாலும் சரி, ஒன்றையும் தள்ள முடியாது. ஒவ்வொன்றையும் பதிவேட்டில் ஏற்றி, முத்திரை குத்தி, வகை எண் எழுதி, அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். ஒரு தட்டு தள்ளி வைத்துவிட்டால் அந்தப் புத்தகம் தொலைந்ததற்குச் சமானம். (எடுத்துப் பார்த்த புத்தகத்தை நீங்களே திருப்பி அடுக்காதீர்கள், மேஜைமேல் வைத்துவிட்டு வாருங்கள். அதுதான் பெரிய ஒத்தாசை.)

இந்த வேலைக்கு ஆள் மாறினால் என்ன ஆகும்? ஒரு பழைய கதை சொல்கிறேன்.

1924-ல் சென்னை சர்வகலாசாலைக்கு ஒரு லைப்ரேரியன் தேவைப்பட்டார். அப்போது அதன் புத்தகங்களும் இதே கன்னிமாராக் கட்டடத்தில்தான் இருந்தன. பிரஸிடென்ஸி கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்த சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் வந்தார். சம்பளம் கூட என்பதுதான் இழுத்தது. ஆனால் வந்த சில நாட்களிலேயே தனிமை தாங்கவில்லை. கல்லூரிக்கே திரும்பிப் போகிறேன் என்று புறப்பட்டுவிட்டார். "முதலில் இங்கிலாந்துக்குப் போய்ப் படித்து வாரும். அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம்" என்கிற மாதிரி சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். அங்கே நூற்றுக்கு மேற்பட்ட லைப்ரரிகளைச் சுற்றிப் பார்த்தார். லண்டன் கடையொன்றில், சின்னத் துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி விதவிதமான பொம்மை செய்யும் மெக்கானோ சாமானைப் பார்த்தார். புத்தகங்களுக்கும் அப்படியே எண்களைப் பூட்டலாமே என்று தோன்றியது. 1933-ல் வெளிவந்த கோலன் பகுப்பு முறைக்கு அதுதான் வித்து. கல்லூரிக்குத் திரும்பும் பேச்சே எழவில்லை. சுமார் இருபது வருஷம் அந்த உத்தியோகத்திலேயே இருந்தார்.

எண் ஒழுங்காக இருந்தால் ஆள் மாறினாலும் புத்தகம் கிடைக்கும். அதில் சந்தேகமில்லை. ஆனால் எண்ணுக்குள் அடங்காத சங்கதிகளும் இருக்கின்றனவே! "போன வருஷம் எடுத்துப் போனேன், பச்சை அட்டை, கதாநாயகி டாக்டர்" என்று நம்மைப்போல் ஒருத்தி வந்து நின்றால், எந்தக் கார்டும் பதில் சொல்லாது. முப்பது வருஷம் அதே மேஜையில் உட்கார்ந்தவர் சொல்வார். ஓய்வு பெறும் நாளில் அவருக்கு மாலை போட்டு, மிக்ஸரும் காப்பியும் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். பச்சை அட்டையும் அவரோடு போய்விடுகிறது. காலி இடத்துக்குச் சீக்கிரம் ஆள் வராமல் போனால், கற்றுக்கொடுக்கப் பழையவரும் இல்லை, கற்றுக்கொள்ளப் புதியவரும் இல்லை என்று ஆகிவிடும்.

ஆகவே, புதிதாக வந்தவர் முதல் சில மாதங்கள், அலமாரி துடைக்கும் பழைய சிப்பந்தியிடம் போய்த்தான் மெதுவாகக் கேட்பார். அவருக்கு இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் பாக்கி என்று லைப்ரேரியன் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.