பழனி மலைத் தாவர ஓவியங்கள்: கல்லச்சுக் கோடும் எண்மியக் கோடும்

பழைய தாவர நூல்களின் படங்களைப் போன்ற தோற்றத்தை எண்மியக் கருவியில் உருவாக்குவது இன்று எளிது. பழுப்பேறிய தாளின் நிறம், மை ஊறிய கோட்டின் விளிம்பு, நீர்வண்ணத்தின் கசிவு ஆகிய அனைத்தும் ஆயத்தத் தூரிகைகளாகக் கிடைக்கின்றன. எனினும், அத்தோற்றத்தைப் பெறுவதும் அம்மரபைத் தொடர்வதும் ஒன்றல்ல. பழனி மலைத் தாவரங்களை வரைந்த மரபில் கொள்ளத்தக்கது எது, எண்மியக் கருவி அதற்கு எங்கே துணையாகிறது, எங்கே இடராகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ராபர்ட் வைட் 1836இல் பழனி மலைக்குச் சென்று, அம்மலை பற்றிய தம் குறிப்புகளை மறு ஆண்டே வெளியிட்டார். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட ‘ஐகோனஸ் பிளான்டாரம் இந்தியே ஓரியன்டாலிஸ்’ 2101 கல்லச்சுப் படங்களைக் கொண்டது. அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து ஆகிய தென்னிந்திய ஓவியர்கள். பல படங்களின் அடியில் அவர்கள் பெயர் அச்சாகியுள்ளது. வில்லியம் ராக்ஸ்பரோவுக்காக வரையப்பட்ட 2500க்கு மேற்பட்ட ஓவியங்களின் கலைஞர்கள் பெரும்பாலும் பெயரற்றவர்களாகவே போனதை நோக்க, இது சிறிய செய்தியன்று. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் ‘கோவிந்தூயியா’ எனப் பெயரிட்டார். பிற்காலத்தில் செண்பகனூர் இயேசு சபைத் துறவி லூயி ஆங்லாது இம்மலைத் தாவரங்களை நீர்வண்ணத்தில் வரைந்தார். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியின் ரேபினாட் உலர்தாவரகத்திலிருந்து கே. எம். மேத்யூ 1996இல் கோட்டோவியத் தொகுதியையும் 1999இல் பழனி மலைத் தாவரங்கள் பற்றிய மூன்று தொகுதி நூலையும் வெளியிட்டார்.

வைட்டின் ஓவியர்கள் வண்ணத்தில் வரைந்தவை ‘ஐகோனஸ்’ நூலில் பெரும்பாலும் கருங்கோடுகளாகவே அச்சேறின. வண்ணம் நீங்கியபின் எஞ்சும் கோடே எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். இலை விளிம்பின் பல், நரம்பின் கிளைப்பு, சூலகத்தின் அறைகள் ஆகியவற்றைக் காட்டும் ஒவ்வொரு கோடும் ஒரு கூற்று. புள்ளியும் அவ்வாறே, நிழலுக்கான புள்ளியையும் மயிரைக் குறிக்கும் புள்ளியையும் ஓவியர் குழப்பிவிட்டால், படம் பொய்யாகிவிடும்.

எண்மியக் கருவியின் வசதிகளே இங்கு இடராகின்றன. ஓர் இலையை வரைந்து, அதைத் திருப்பி எதிர்ப்புறத்தில் ஒட்டும் கண்ணாடிக் கருவியை எடுத்துக்கொள்வோம். குறிஞ்சி அடங்கிய ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தின் பல இனங்களில் ஒரே கணுவின் இரு இலைகளும் அளவில் ஒத்திருப்பதில்லை. அப்பேரினத்தை இனங்காண உதவும் அவ்வேறுபாட்டைக் கண்ணாடிக் கருவி ஒரே நொடியில் அழித்துவிடும். கைநடுக்கத்தைச் சமன்செய்யும் வசதியும் அத்தகையதே. அது நடுக்கத்தோடு விளிம்பின் நுண்பற்களையும் மழுங்கச் செய்யும்.

துணையாகும் இடங்களும் உண்டு. ‘இரு மடங்கு’ என்ற பழைய உருப்பெருக்கக் குறிப்பு, படம் திரையில் சுருங்கியதும் பொருளிழக்கும். படத்தினுள்ளேயே வரையப்பட்ட அளவுகோல் படத்தோடு சேர்ந்து சுருங்கும், விரியும். அடுக்குகளின் பயன் இதனினும் பெரிது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பெருந்திரளாகப் பூத்து, காய்த்து, மடியும். 2006, 2018 ஆகியன அவ்வாறு பூத்த ஆண்டுகள். இலை, பூ, கனி ஆகியவற்றை ஒரே நாளில் ஒரே செடியில் முழுமையாகக் காண்பது அரிது. பழைய ஓவியத்தாளில் இவை ஒன்றாகச் சேர்ந்தபின், எது எச்செடியிலிருந்து வந்தது எனப் பிரித்தறிய வழியில்லை. அடுக்குகளிலோ ஒவ்வோர் உறுப்பையும் அதன் மாதிரி எண், நாள், இடம் ஆகியவற்றுடன் தனித்துக் காக்கலாம். சோலைப் புல்வெளிகளை வாட்டில், பைன் மரங்கள் பெருமளவில் ஆக்கிரமித்துவிட்ட மலையில் ‘எங்கே, எப்போது’ என்ற குறிப்பு ஓவியத்தின் அழகைவிட நெடுங்காலம் பயன்படும் என்பது என் கருத்து.

வருடியெடுத்த பழைய படங்களைத் தூய்மை செய்வதிலும் எச்சரிக்கை வேண்டும். மூல மாதிரி கிடைக்காதபோது, அக்காலப் படத்தையே ஒரு பெயருக்குரிய வகைமாதிரியாகத் தெரிவுசெய்யத் தாவரப் பெயரிடல் விதிகள் இடமளிக்கின்றன. அத்தகைய படத்தில் கறையென நீக்கப்பட்ட புள்ளி, தண்டின் மயிராக இருந்திருக்கலாம். ஆகவே வருடிய மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, திருத்தங்களைத் தனி அடுக்கில் செய்வதே முறை.

அழகுக்காகப் படத்தின் ஓரங்களை வெட்டும் வழக்கம் மற்றோர் இழப்பையும் தருகிறது. வெட்டப்படும் அந்த அடி ஓரத்தில்தான் ரங்கையாவின் பெயரும் கோவிந்துவின் பெயரும் உள்ளன. கோப்பின் விவரக்குறிப்பில் ஓவியர் பெயரைப் பதிய ஒரு வரியே போதும். இன்று வரைபவரின் பெயருக்கும் அவ்வரி வேண்டும்.