பழைய கூடாரமும் அதன் தையல் மூட்டுகளும்

மழைக்காலத்து மலைச்சாரலில் ஓரிரவு தங்குவார்க்குக் கூடாரமே வீடும் கூரையும் ஆகும். முல்லைப்பாட்டிற் கார்காலத்துப் பாசறையைக் கற்ற நம்மனோர்க்கு, மழையும் கூடாரமும் ஒருங்கே நினைவுக்கு வருதல் இயல்பு. அரசன் பாசறையைப் பேணுதற்கு ஏவலர் பலர் இருந்தனர்; மாணவராய் மலையேறச் செல்லும் நம் கூடாரத்தைப் பேணுதற்கோ நாமே உளோம். ஆண்டுக்கு ஒருமுறை வெளிப்போந்து, எஞ்சிய நாளெல்லாம் பண்ட அறையின் மூலையிற் சுருண்டு கிடக்கும் பழைய கூடாரம் ஒழுகத் தொடங்கின், "இது கெட்டது, எறிந்துவிடுக" என்பார் பலர். அஃது எறிதற்குரியதோ, செப்பஞ் செய்தற்குரியதோ என்று அறியும் வழியையும், செப்பஞ் செய்யும் முறையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஒழுகல் உறக்கத்தைக் கெடுப்பதோடு நில்லாது. நீர் காற்றைக் காட்டிலும் 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்த வல்லது. ஆதலின், கடல்மட்டத்திற்குமேல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானல் போன்ற இடங்களில், நனைந்த ஆடையும் போர்வையும் உடற்சூட்டை விரைந்து கவர்ந்துவிடும். உடலின் உள்வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்குமாயின் அஃது உயிர்க்கே இடராம். எனவே, கூடாரத்தைச் செப்பஞ் செய்தல் பொழுதுபோக்கு அன்று என்பது தெளிவு.

இனி, நீர் எவ்வழியே புகுகின்றது? பெரும்பாலும் துணியின் வழியே அன்று. துணியும் துணியும் கூடும் தையல் மூட்டின் வழியே. ஊசி சென்ற இடமெல்லாம் ஒரு துளை. சென்டிமீட்டருக்கு மூன்று தையல் எனக் கொள்ளின், மூன்று மீட்டர் நீளமுள்ள ஒரு மூட்டில் 900 துளைகள் உள்ளன. அத்துளைகளிற் கிடக்கும் நூல், விளக்குத்திரி எண்ணெயை ஈர்ப்பதுபோல மழைநீரை உள்ளே ஈர்க்கின்றது. சிறு துளி பெருவெள்ளம் என்பதன் உண்மையை நள்ளிரவில் நம் படுக்கையே அறியும்.

ஆயினும், காலையிற் காணும் ஈரமெல்லாம் ஒழுகலால் வந்தது என்று கொள்ளற்க. உறங்குவோர் விடும் மூச்சிலுள்ள நீராவியும் குளிர்ந்த துணியிற் பட்டு நீர்த்துளியாகும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய, உலர்ந்த நாளொன்றிற் கூடாரத்தை இழுத்துக் கட்டி, ஒருவர் வெளியே நின்று மூட்டுகளின்மீது நீர் ஊற்ற, மற்றொருவர் உள்ளே இருந்து நோக்குதல் வேண்டும். கசியும் இடங்களைச் சுண்ணக்கட்டியாற் குறித்துக்கொள்க.

அடுத்துத் துணியின் இனத்தை அறிதல் வேண்டும். நோயறியாது மருந்திடல் எவ்வாறு பயன்படாதோ, அவ்வாறே துணியறியாது பசையிடலும் பயன்படாது. கூடாரத் துணியைப் பெரும்பான்மை பற்றி மூவகையாகக் கொள்ளலாம்.

முதலாவது, பருத்திக் கித்தான். பருத்தியிழை நனைந்தால் பருக்கும். பருத்தலால் இழைகளுக்கு இடையிலுள்ள வெளி அடைபடும். பருத்தி நூலும் அவ்வாறே பருத்துத் தன் துளையைத் தானே அடைக்கும். ஆதலின், புதிய கித்தானை முதற்கண் நன்கு நனைத்து உலர்த்திய பின்னரே பயன்படுத்துதல் மரபு. நாட்பட்டு இவ்வியல்பு குன்றிய கித்தானைச் சவர்க்காரக் கரைசலிலும் பின்னர்ப் படிகாரக் கரைசலிலும் தோய்ப்பது பழைய முறை. இரண்டும் கூடி, நீரிற் கரையாத ஒரு பொருளாய் இழைகளிற் படியும். இக்காலத்தில் இதற்கெனச் செய்யப்பட்ட நீர்மங்கள் விற்கப்படுகின்றன. மூட்டுகளில் மட்டும் தேன்மெழுகைத் தேய்ப்பதும் உண்டு.

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறாது விடுதல் தகாது. 1944ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், அமெரிக்க நாட்டு ஹார்ட்போர்டு நகரில், ரிங்லிங் சர்க்கஸின் பெருங்கூடாரம் ஆட்டம் நடைபெறுகையில் தீப்பற்றிச் சில நிமிடங்களில் முற்றும் எரிந்து வீழ்ந்தது. குழந்தைகள் உள்ளிட்ட 160 பேருக்கு மேல் மாண்டனர். மழைநீர் புகாமைப்பொருட்டு அக்கூடாரத்திற் பூசப்பட்டிருந்தது பாரபின் மெழுகைப் பெட்ரோலிற் கரைத்த பூச்சேயாம். நீரைத் தடுக்கும் பொருள் நெருப்பை வளர்க்கும் பொருளாகவும் இருத்தல் கூடும். ஆதலின், கூடாரம் முழுவதும் மெழுகு பூசுதலையும், எவ்வகைக் கூடாரத்தினுள்ளும் அடுப்பு மூட்டுதலையும் ஒழித்தல் வேண்டும்.

இரண்டாவது வகை, பாலியூரித்தேன் பூச்சுடைய நைலான் அல்லது பாலியெஸ்டர். இப்பூச்சு பெரும்பாலும் உட்புறத்தே இருக்கும். மூட்டுகளின்மேல் ஒளிபுகும் மெல்லிய நாடாவும் ஒட்டப்பட்டிருக்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்து நாளடைவில் இப்பூச்சைச் சிதைக்கின்றன. பூச்சு பிசுபிசுத்தலும், புளித்த நாற்றம் வீசுதலும், செதில் செதிலாய் உதிர்தலும் அச்சிதைவின் அடையாளங்கள். மூன்றாவது வகை, சிலிக்கோன் ஊட்டப்பட்ட நைலான். தொட்டால் வழுக்கும் இத்துணியிற் சிலிக்கோன் பசையன்றிப் பிற பசை எதுவும் நிலைத்து ஒட்டாது. வெளிப்புறம் சிலிக்கோனும் உட்புறம் பாலியூரித்தேனும் உடைய துணிகளும் உண்டு. இனம் ஐயமாயின், மறைவான ஓரிடத்தில் ஒரு துளி பசையிட்டு உலர்த்தி, நகத்தாற் கீறிப் பார்க்க. உரிந்து வருமாயின் அப்பசை அத்துணிக்கு ஆகாது.

இனிச் செப்பஞ் செய்யும் முறை. வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் கொண்டு, பஞ்சினால் மூட்டுகளைத் துடைத்து அழுக்கு நீக்குக. துணி துவைக்கும் இயந்திரத்தில் இடற்க; அது பூச்சையும் தையலையும் கெடுக்கும். நிழலில் முற்ற உலர்ந்தபின், தானே பெயர்ந்து நிற்கும் பழைய நாடாவை உரித்தெடுத்து, மருந்துக் கடையிற் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் அவ்விடத்தைத் துடைக்க. பின்னர்க் கூடாரத்தை இறுகக் கட்டுக. அவ்வாறு கட்டின், மூட்டு விரிந்து பசை துளைகளுள் இறங்கும். பாலியூரித்தேன் துணியாயின், அதற்குரிய பசையைப் பூச்சுள்ள பக்கத்திற் சிறு தூரிகையால் மெல்லிதாகத் தடவுக. சிலிக்கோன் துணியாயின், சிலிக்கோன் பசையை மினரல் டர்ப்பன்டைனிற் சிறிது இளக்கி வெளிப்புறத்தே தடவலாம். ஒருமுறை தடிப்பாகப் பூசுவதினும் இருமுறை மெல்லிதாகப் பூசுதல் நன்று. காற்றோட்டமுள்ள வெளியிடத்தில், தீ அருகில் இல்லாதவாறு இதனைச் செய்க. ஒருநாள் முழுதும் உலரவிட்டு, மடிக்குமுன் மூட்டுகளின்மேல் முகப்பவுடர் தூவினால் அவை ஒன்றோடொன்று ஒட்டா. இறுதியில், முன்போலவே நீர் ஊற்றிப் பார்த்துக்கொள்க.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. கூரைத்துணி முழுதும் பூச்சு உதிர்ந்துவிட்டதாயின், மூட்டை அடைப்பதாற் பயனில்லை. வெயிலில் நைந்து கையால் இழுத்தவுடன் கிழியும் துணிக்கும் செப்பமில்லை. அத்தகையவற்றை மழைநாட் பயணத்திற்கு எடுத்துச் செல்லாது, பொருள் மூடும் விரிப்பாக வைத்துக்கொள்ளலாம். மூட்டில் மட்டுமே கசியும் கூடாரமோ, ஒரு குப்பிப் பசையாலும் ஒரு பிற்பகல் உழைப்பாலும் மீண்டும் பல ஆண்டு நமக்குப் பயன்படும்.

பழைய கூடாரங்கள் கெடுவது மலையில் அன்று. ஈரத்தோடு சுருட்டி வைக்கப்படும் அறையிலேயே அவற்றிற் பெரும்பாலன கெடுகின்றன. பயணம் முடிந்த மறுநாளே அதனை விரித்து, பூஞ்சணம் பற்றாதவாறு உலர்த்தி, தளர்வாக மடித்து வைத்தல் வேண்டும். அதன் பையில் ஓர் அட்டையிட்டு, துணியின் இனம், பூசிய பசை, பூசிய நாள் இம்மூன்றையும் எழுதி வைப்போமாக. நாம் இக்கல்லூரியை விட்டு நீங்கிய பின்னும், அக்கூடாரத்தில் மழையிரவைக் கழிக்கப்போகும் நம் இளையோர்க்கு அவ்வட்டை உதவும்.